தங்கை சொல்ல வந்தது

எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததுமே அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவருடைய வாக்கியத்தின் மீதியை நானே முடித்துவைப்பேன். அவர் தலையாட்டினால் எனக்குப் பெருமை. ஆட்டாவிட்டால், பாவம், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். கெட்டிக்காரி, சுறுசுறுப்பானவள் என்று அந்த நாளில் எனக்குப் பெயர். உனக்குக் காது இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பாதியிலேயே வெட்டிப் பதில் சொல்லியிருப்பேன்.

என் கணவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பொறுமைசாலி. அவர் மட்டும் அவ்வப்போது கிண்டல் செய்வார். "உன்னாண்ட மூணு வார்த்தைக்கு மேல பேசணும்னா டிரங்க் கால்தான் புக் பண்ணணும்" என்பார். நான் அதற்கும் சூடாக ஏதாவது சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

வெளியூருக்குப் பேசும் டிரங்க் காலை அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அறுபதுகளின் கடைசியில் நான் திருவள்ளூரில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். காதில் ஹெட்செட். எதிரில் துளைகள் நிறைந்த போர்டு. மடிக்கு நேரே வரிசையாக நிற்கும் கயிறுகள். துளைக்கு மேல் உள்ள சின்ன மூடி விழுந்தால் யாரோ கூப்பிடுகிறார் என்று அர்த்தம். கயிற்றைச் செருகி, எந்த நம்பர் என்று கேட்டு, அந்த நம்பருக்கு இன்னொரு கயிற்றைச் செருகி, மணி அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஹலோ சொன்னதும், சாவி என்று நாங்கள் சொல்லும் ஸ்விட்சைத் தள்ளிவிட்டு லைனை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் கேட்டால் அது ஒட்டுக் கேட்பது. வேலையே போய்விடும்.

ஆக, நாள் முழுக்க என் காதில் விழுந்தது மனிதர்களின் ஆரம்பம் மட்டும்தான். முதல் இரண்டு சொல்லிலேயே இவர் அரிசி மண்டிக்காரர், இவர் வக்கீல் குமாஸ்தா, இது சாவுச் செய்தி என்று கண்டுபிடித்துவிடுவேன். பக்கத்து நாற்காலித் தோழியோடு இதில் பந்தயம்கூடக் கட்டியிருக்கிறேன். வேலைக்கு வேண்டிய பழக்கம்தான் அது. என் கோளாறு என்னவென்றால், ஹெட்செட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் அந்தப் பழக்கத்தைக் கழற்றத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஒரே ஒரு சமயத்தில்தான் நாங்கள் லைனிலேயே இருக்கலாம். மழைக்காலத்தில் டிரங்க் லைன் மோசமாகிவிடும். பேசுகிற இருவருக்கும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. நடுவில் இருக்கும் எங்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஓரளவு கேட்கும். அப்போது ஒருவர் சொன்னதை வாங்கி மற்றவருக்கு நாங்கள் சொல்வோம். ஒரு டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான். சொன்னதைச் சொன்னபடி சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போதாது. நான் சுருக்கிவிடுவேன். ஒருவர் சுற்றி வளைத்து மாமியாரின் இருமலில் ஆரம்பித்தால், நான் அந்தப் பக்கத்துக்கு, "உங்க மாமியாருக்கு ரொம்ப முடியல, ஒடனே பொறப்பட்டு வாங்க" என்று ஒரே வரியில் போட்டுவிடுவேன். அது சரியாகவும் இருக்கும். அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது.

என் தங்கை எனக்கு நேர் எதிர். நாங்கள் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். அவளை எளாவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், எங்களைப் போலவே நிலம் வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்திருந்தோம். அவள் எதையும் தொலைவிலிருந்து ஆரம்பிப்பாள். காய்ச்சல் என்று சொல்ல வேண்டுமானால் நேற்றுச் சாயந்திரம் மாடு திரும்பி வந்ததிலிருந்து சொல்வாள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் எல்லாரும், "விஷயத்துக்கு வாடி" என்று அவளை விரட்டினோம். மற்றவர்களாவது சிரித்துக்கொண்டே விரட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வரும். விரட்டினால் அவள் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். "சரிக்கா" என்று சொல்லி நிறுத்திவிடுவாள். அந்தச் "சரிக்கா"வை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு அது முதல் பிள்ளை. எட்டாம் மாதம். ஒன்பதில் வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, இரண்டு பஸ் மாறி, புருஷனோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவர் உரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். எனக்குப் பத்து மணிக்கு வேலை. தலையை வாரிக்கொண்டே அவளைப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. புகுந்த வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

"அக்கா, டாக்டரம்மாவ ஒருக்கா பாத்துட்டுப் போலாமா?" என்றாள். என் மகள் பிறந்தபோது எனக்குப் பிரசவம் பார்த்த லேடி டாக்டரைத்தான் சொன்னாள்.

"எதுக்கு? கால் வீங்கினு கீதே, அதுக்கா? எட்டு மாசத்துல எல்லாருக்கும் வீங்கும். எனக்கு வீங்கல? உப்பக் கொற. கால நீட்டி வெச்சிக்கினு குந்து."

"கால் மட்டும் இல்லக்கா…"

"தலவலியா? ரெண்டு பஸ் மாறி வெயில்ல வந்தா வராதா?"

"அதுவும் கீது. ஆனா நான் சொல்ல வந்தது இன்னான்னா… நம்ம ஊரு ஏரிக்கரைல காலைல குந்திக்கினு இருப்போமேக்கா, தண்ணி மேல வெயில் வுழும் பாரு, அப்போ…"

"தோ பாரு" என்றேன். சீப்பு என் கையில் இருந்தது. அதை அவள் பக்கம் நீட்டிக்கொண்டுதான் சொன்னேன். "பத்து மணிக்கு நான் போர்டுல இருக்கணும். ஏரிக் கதையெல்லாம் வளைகாப்புக்கு அப்பறம் அம்மா ஊட்டுல பேசலாம். மொதப் புள்ளைன்னா பயமாத்தான் இருக்கும். எல்லாரும் பெக்கலியா? இதுக்கெல்லாம் டாக்டரம்மா கிட்ட போய் நின்னா சிரிப்பாங்க."

அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தது இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது தேதி பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"சரிக்கா" என்றாள்.

நான் வேலைக்கு ஓடினேன். போகும்போது, பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்லி அனுப்பினோம் என்று எனக்கு நிறைவாகக்கூட இருந்தது.

எட்டு நாள் கழித்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து லைன்கள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. பதினொரு மணி இருக்கும். மெட்ராஸ் வழியாக ஒரு டிரங்க் கால் வந்தது. கும்மிடிப்பூண்டி போஸ்ட் ஆபீஸ் போனிலிருந்து, திருவள்ளூர் லேடி டாக்டருக்கு. கயிற்றைச் செருகி டாக்டருக்கு மணி அடித்தேன். அவர் எடுத்தார். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் ஹலோ சொன்னது. சாவியைத் தள்ளப் போன என் கை நின்றுவிட்டது. அது என் தங்கை புருஷனின் குரல்.

"யார் பேசறது? ஒண்ணுமே கேட்கலையே" என்றார் டாக்டர்.

"ஆபரேட்டர் பேசறேன் டாக்டர். லைன் சரியில்ல. நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "நான்தான், அண்ணி பேசறேன். இன்னா ஆச்சு?" என்றேன்.

"அண்ணியா?" என்றார் அவர். இரைச்சல் மட்டும் கேட்டது. "உங்க தங்கச்சிக்கு… காலைலேர்ந்து ஒரு மாதிரியா கீது அண்ணி."

எனக்கு அது போதும். எட்டு மாதம் முடிகிற சமயம். காலையிலிருந்து ஒரு மாதிரி. வேறு என்னவாக இருக்க முடியும்? டாக்டர் பக்கம் சொன்னேன்: "என் தங்கச்சி டாக்டர். எட்டு மாசம். வலி எடுத்துடுச்சு."

"எட்டிலேயா? எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் வலிக்குதுன்னு கேளு."

"எவ்ளோ நேரத்துக்கு ஒருக்கா வலிக்குது?"

"வலின்னு இல்ல அண்ணி…"

"இடுப்பு வலிதான? லேசா வந்து வந்து போவுதா?"

"ஆங்… அப்டிதான் இருக்கும்…"

"தண்ணி ஒடையலியே?"

"அது… தெரியல அண்ணி."

"லேசான வலிதான் டாக்டர். விட்டு விட்டு வருதாம். தண்ணி உடையல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். சில சமயம் பொய் வலி வந்து நின்றுவிடும், நடமாடாமல் படுத்திருக்கச் சொல், வலி நெருங்கினால் வண்டி வைத்துக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்றார். அதை நான் அந்தப் பக்கம் சொன்னேன். என்னுடையதாக இரண்டு வரியும் சேர்த்தேன். பயப்பட வேண்டாம், எனக்கும் இப்படித்தான் வந்து நின்றது என்றேன். இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. மூன்று நிமிஷ டிரங்க் காலை இரண்டில் முடித்துவிட்டேன்.

டாக்டர் போனை வைக்கப் போகிறார். நான் கயிற்றைப் பிடுங்கக் கை வைத்துவிட்டேன். அப்போது கும்மிடிப்பூண்டி முனையில் தங்கை புருஷன் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது.

"அவங்களே எல்லாத்தையும் சொல்லிடறாங்க நைனா. நான் இன்னாத்த சொல்றது?"

கூட வந்திருந்த அவருடைய அப்பாவிடம் சொல்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. நம்பிக்கை விட்டுப்போன குரலில் சொன்னார். எனக்குக் காது மடல் சுட்டது. அவர் ஏதோ சொல்வதற்காக எளாவூரிலிருந்து மழையில் சைக்கிள் மிதித்துக் கும்மிடிப்பூண்டிக்கு வந்திருக்கிறார். டிரங்க் கால் புக் பண்ணிக் காத்திருந்திருக்கிறார். இதுவரை அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம்கூட வரவில்லை. "வலி" என்ற சொல் என்னுடையது. "லேசா" என்றது நான். "விட்டு விட்டு" என்றது நான். டாக்டரிடம் நான் சொன்னதெல்லாம் என்னைப் பற்றித்தான். என் தங்கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"டாக்டர், வெச்சிடாதீங்க" என்று கத்திவிட்டேன். பக்கத்து நாற்காலித் தோழி திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் சொன்னேன்: "நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க. நான் நடுவுல பேசல."

அவர் உடனே பேசவில்லை. எதுவும் பேசாமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நாக்கு நுனியில் பத்துக் கேள்வி நின்றது. ரத்தமா, விழுந்துவிட்டாளா, காய்ச்சலா என்று ஒவ்வொன்றும் முட்டியது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"காலைல மாடு கறக்கப் போனேன் அண்ணி…" என்று ஆரம்பித்தார்.

மாட்டிலிருந்தா! என் தங்கையோடு இரண்டு வருஷம் வாழ்ந்து அவளைப் போலவே பேசக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்குள் பழையவள் துள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, லைன் இருக்கா?" என்றார் டாக்டர்.

"இருக்கு டாக்டர். அவர் சொல்லிக்கிட்டு இருக்கார். கொஞ்சம் பொறுங்க."

"கறந்துட்டு வரேன், அடுப்பாண்ட குந்தினு இருந்தா. நெத்திய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு இருந்தா. தல பொளக்குதுன்னா. நான் செம்ப கீழ வெக்கறதுக்குள்ள…" இங்கே குரல் ரொம்பவும் தாழ்ந்தது. "இங்க எல்லாரும் நிக்கறாங்க அண்ணி. சத்தமா சொல்ல முடியல. கை காலு இழுத்துக்கிச்சி. வாய்ல நொர. நாக்கக் கடிச்சி ரத்தம். அப்பறம் அடங்கிச்சி. ஆனா ஆளு தெரியல. கூப்ட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்கறா. காத்து கருப்பு அடிச்சிடுச்சின்னு பூசாரிக்கு ஆள் வுட்டுக்கீறாங்க."

அப்போதுதான் புரிந்தது. போஸ்ட் ஆபீஸில் கடுதாசி வாங்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். ஊர்க்காரர் காதுபட, என் பெண்டாட்டிக்கு வலிப்பு என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? ஒரு தடவை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அந்தக் குடும்பத்தில் அடுத்த பெண் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்காது. அதனால்தான் மெல்ல, மறைத்து, சுற்றி வந்தார். அந்த இடைவெளியை எல்லாம் நான் என் சரக்கால் அடைத்துவிட்டேன்.

அவர் சொன்னதைச் சொன்னபடி டாக்டரிடம் சொன்னேன். மாடு கறந்ததைக்கூட விடவில்லை. எதைச் சுருக்குவது என்று முடிவு செய்யும் தைரியம் எனக்குப் போய்விட்டிருந்தது. டாக்டரின் குரல் மாறிவிட்டது.

"முகம், கை எல்லாம் வீங்கியிருக்கா?"

கேட்டேன். வாயை மூடிக்கொண்டேன். "ஆமா அண்ணி, ரொம்ப நாளா" என்றார். அதைச் சொன்னேன்.

"கண் மங்குது, கண்ணுக்கு முன்னாடி ஏதோ பளிச் பளிச்சுன்னு தெரியுதுன்னு முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னாளா?"

கேட்டேன். "என்னாண்ட ஒண்ணும் சொல்லலயே" என்றார். "இல்லையாம் டாக்டர்" என்று சொன்னேன்.

இந்த நேரத்தில் மெட்ராஸ் ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். "மூணு நிமிஷம் ஆச்சு. கட் பண்ணட்டுமா?" நாங்களும் ஒரு நாளைக்கு நூறு தடவை யாரிடமோ கேட்கிற கேள்விதான் அது. "பண்ணாதீங்க. அவர் இன்னும் சொல்லி முடிக்கல" என்றேன். அவளுக்கு என் குரலில் என்ன தெரிந்ததோ, பதில் பேசாமல் விலகிக்கொண்டாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ எதுவும் ஊற்றக் கூடாது. கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. சுற்றி நின்று கத்தக் கூடாது. இங்கே திருவள்ளூருக்குக் கொண்டுவர வேண்டாம். நேரே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி. இந்த நிமிஷமே. இன்னொரு தடவை இழுப்பு வந்தால் தாயும் பிழைக்க மாட்டாள்.

கடைசி வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். அது என் தொண்டையைக் கடந்து போனது எனக்கே ஆச்சரியம். பிறகு, "நான் சொன்னத நீங்க ஒருக்கா சொல்லுங்க" என்றேன்.

அவர் வரிசையாகச் சொன்னார். "ஒருக்களிச்சி படுக்க வெக்கணும். வாய்ல எதுவும் ஊத்தக் கூடாது. பூசாரி வந்து பாத்த ஒடனே மெட்ராசுக்கு…"

பூசாரி! டாக்டர் சொன்னதில் பூசாரி எங்கே இருக்கிறார்? திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தெரியும். சண்டை ஆகியிருக்கும், அதற்குள் போன் போயிருக்கும்.

"பூசாரி வரணும்னு யார் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"எங்க நைனாதான். பக்கத்துல கீறாரு."

"அவராண்ட போனக் குடுங்க."

பெரியவர் வாங்கினார். என் மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். நான் பேசாமல் இருந்தேன். பிறகு அவரே சொன்னார்: "எங்க பெரிய பொண்ணையும் இப்டி இழுப்பு வந்துதாம்மா கூட்டுக்கினு போனோம். வண்டில போனவ வண்டில திரும்பி வரல."

இதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சம்பந்தம் பேசியபோது மூத்தவள் இறந்துபோனாள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் பதில் சொன்னார். அதையும் மாறாமல் பெரியவரிடம் சொன்னேன்: "அந்தப் பொண்ணுக்கு எத்தனையாவது இழுப்புல கூட்டிக்கிட்டு போனீங்க? இவளுக்கு ஒண்ணுதான் வந்திருக்கு. இன்னும் நேரம் இருக்கு."

மழை இரைகிறதா லைன் இரைகிறதா என்று தெரியாமல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மூணாவதுல" என்றார் பெரியவர். பிறகு, "சரிம்மா, லாரி புடிக்கறோம்" என்றார்.

கயிற்றைப் பிடுங்கினேன். இன்னொரு மூடி விழுந்தது. அடுத்து யாரோ மண்டிக்காரர் அவசரமாக நம்பர் கேட்டார். அவருக்கும் செருகிக் கொடுத்தேன். தோழி என் போர்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை எழுப்பும்வரை எத்தனை பேருக்கு இணைப்புக் கொடுத்தேன் என்று தெரியாது. மதிய ரயிலில் மெட்ராஸ் போனேன். பெட்டியில் எதிரே இருந்த பெண்மணி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எளாவூர் செக்போஸ்டில் லாரி கிடைத்திருக்குமா, டிரைவர் ஏற்றிக்கொண்டிருப்பானா, வழியில் இரண்டாவது இழுப்பு வந்திருக்குமா என்பதே மண்டைக்குள் ஓடியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை புருஷன் சேற்று வேட்டியோடு நின்றிருந்தார். நெல்லூர்ப் பக்கமிருந்து வந்த லாரி கிடைத்ததாம். தெலுங்கு டிரைவர், "ஏறு நைனா" என்றானாம். வழியில் எங்கேயும் நிறுத்தாமல் வாசல்வரை கொண்டுவந்து விட்டானாம். ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகுதான் இரண்டாவது இழுப்பு வந்திருக்கிறது.

குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை. தங்கை மூன்றாம் நாள் கண் திறந்தாள்.

அந்த மூன்று நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாறாக, "அன்னிக்கு நீங்க நடுவுல பேசாம இருந்தீங்க பாருங்க அண்ணி, அதாலதான் நான் சொல்ல முடிஞ்சிது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு நாள் முன்பு என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. அவர் அப்போது உரம் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் லேடி டாக்டரைப் பார்த்து நன்றி சொல்லப் போனேன். அவர், "ஒரு வாரம் முன்னாடியே வந்திருந்தா, படுக்க வெச்சு, மருந்து குடுத்து…" என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் எழுந்து வந்துவிட்டேன். பழைய பழக்கம்தான், காரணம் மட்டும் வேறு.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை. அன்றிலிருந்து நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அடுத்த வாரமே அவர் பேச்சில் புகுந்து ரேஷன் கடைக்காரனைப் பற்றி ஒரு முழு வழக்கும் நடத்திவிட்டேன். ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். வாய் துள்ளும்போது கட்டை விரல் நகத்தால் சுட்டு விரலை அழுத்துவேன். வலிக்கும்வரை அழுத்துவேன். எதிராளி நிறுத்தினால், "அப்பறம்?" என்று மட்டும் கேட்பேன். எனக்கு விளங்கியதை அவரிடமே திருப்பிச் சொல்வேன். பத்தில் நாலு தடவை நான் விளங்கிக்கொண்டது தப்பாக இருந்தது. கெட்டிக்காரிக்கு அது பெரிய அடி. முப்பது வயதில் பேசாமலிருக்கப் பழகுவது கையெழுத்தை மாற்றுவது மாதிரி, கவனம் தப்பினால் பழைய எழுத்து வந்துவிடும். இன்றைக்கும் என் சுட்டு விரல் ஓரத்தில் தோல் தடித்திருக்கிறது.

தங்கை ஒன்றரை மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தாள். இளைத்திருந்தாள். என் மகளை மடியில் வைத்துக்கொள்வாள், பிறகு சட்டென்று இறக்கிவிடுவாள். ஒரு காலை, எனக்கு வேலை இல்லாத நாள், அவள் அதே இடத்தில், அதே காலண்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. கேட்காமலே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"அன்னிக்கு இன்னா சொல்ல வந்த?" என்று கேட்டேன்.

"எப்போக்கா?"

"இங்க வந்தியே. டாக்டரம்மாவப் பாக்கணும்னு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் உண்மையிலேயே கேட்கிறேனா, அடுத்த வேலைக்குப் போகிற வழியில் கேட்கிறேனா என்று பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள், அதே இடத்திலிருந்து.

"நம்ம ஊரு ஏரிக்கரைல காலைல குந்திக்கினு இருப்போமேக்கா…"

உள்ளே உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. நகத்தை விரலில் அழுத்திக்கொண்டேன்.

"தண்ணி மேல வெயில் வுழும் பாரு. அப்போ தண்ணி பூரா மினுக்கு மினுக்குனு கண்ணக் கூசும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதான் தெரியும். அது மாதிரிக்கா, எனக்கு ஊட்டுல இருட்டு அடுப்பங்கரைல தெரிஞ்சிது. ரெண்டு நாளா. கண்ண மூடினாலும் போவல. இந்தக் காலண்டர்ல சாமி மூஞ்சியே தெரியல, பளிச் பளிச்சுன்னு அதான் தெரிஞ்சிது. அவராண்ட சொன்னா பயந்துடுவாரு. எப்டிச் சொல்றதுன்னும் எனக்கு வெளங்கல. நீயும் ஏரியப் பாத்துக்கீற இல்ல, உனக்குன்னா புரியும்னு அங்கேர்ந்து ஆரம்பிச்சேன்."

டாக்டர் போனில் கேட்ட கேள்வி எனக்கு அப்படியே காதில் விழுந்தது. முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னாளா? இல்லையாம் டாக்டர் என்று சொன்னது நான்தான்.

விரல் வலித்தது. இன்னும் ஏதாவது மீதி இருந்தால் அதையும் கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் இன்னாக்கா" என்றாள் தங்கை. "நீ வேலைக்கு நேரமாச்சுன்ன. நான் பஸ் ஏறிட்டேன்."